முட்டிக்குள் சுண்ணாம்பு

பாளையைத் தட்டிப் பதமாக்கி, நுனியை மெல்லிசாகச் சீவி, அதன்கீழ் முட்டியைக் கட்டிவிட்டுச் சீவல் தொழிலாளி இறங்குகிறார். மரத்தில் ஏறுவதற்கு முன்பே ஒன்றை அவர் தீர்மானித்திருப்பார்: முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதா, வேண்டாமா? பூசியிருந்தால் விடியற்காலையில் இறங்குவது கருப்பநீர். பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், காய்ச்சிப் பனங்கட்டியும் ஆக்கலாம். பூசாவிட்டால் இறங்குவது கள்ளு. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, இரவும் ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

பண்ணைத் தாம்போதியால் வந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்தால் வேலணைத் தீவின் சாட்டி. சனி, ஞாயிறுகளில் கடலில் குளிக்க வருபவர்களுக்கு அது ஒரு கடற்கரை. தீவார்களுக்கோ முதலில் அது நன்னீர் ஊர். மூன்று பக்கம் கடல் இருந்தும் மணலைத் தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் வரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் கலக்காமல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும்.

அற்ககோல், பீனோல், ஈதர் என்று உயர்தர இரசாயனவியல் புத்தகத்தில் தனித்தனியாகக் கிடக்கும் சேர்வைகளைச் சாட்டியில் வைத்துப் பேசுவது எனக்கு வசதியாக இருக்கிறது. அந்தக் கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இந்தத் தீவுகளில் உண்டு. தண்ணீர் உண்டு. பனை உண்டு. சுட்டுச் சுண்ணாம்பாக்கக் கல்லும் சிப்பியும் உண்டு. சுண்ணாம்பை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர் பரிசோதனைக் குழாயில் சோடியம் ஐதரொட்சைட்டை விட்டுக் கேட்கும் கேள்வியை, இங்கே பல நூறு ஆண்டுகளாகச் சுண்ணாம்பை வைத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

முதலில் முட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில், நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராமுக்கு மேல் வெல்லம் இருக்கும். பெரும்பகுதி சுக்குரோசு. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் மதுவம் காத்துக்கொண்டிருக்கிறது. அது சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைத்து, பிறகு அவற்றை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. கணக்கு நேரானது: 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும். கள்ளு நுரைப்பது அந்த 88 கிராமின் வேலை. மதுவத்தோடு சைமோமொனாசு என்ற பற்றீரியாவும் கூடவே வேலை செய்கிறது. இருவருமாகச் சேர்ந்து ஐந்து, ஆறு சதவீதம் வரை எதனோலை உண்டாக்கிவிடுவார்கள்.

சுண்ணாம்பு பூசிய முட்டியில் இது நடக்காது. கல்சியம் ஐதரொட்சைட்டின் நிரம்பிய கரைசலுக்குப் பீ.எச். 12.4. சாற்றில் கலந்து ஐதாகிய பிறகும் மதுவத்தால் தாங்கமுடியாத காரத்தன்மை அது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுண்ணாம்பு அற்ககோலை அழிக்கவில்லை. அற்ககோலை உண்டாக்கும் உயிரியைத்தான் நிறுத்தியது. ஏற்கெனவே புளித்த கள்ளில் சுண்ணாம்பைக் கரைத்துப் பாருங்கள். புளிப்பு அடங்கும், ஏனென்றால் அமிலத்தோடு சுண்ணாம்புக்குப் பகை. வெறி இறங்காது. எதனோல் எதனோலாகவே இருக்கும். எதனோலிலும் ஐதரசன் இருக்கிறது, அதுவும் ஒட்சிசனோடு ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் சுண்ணாம்பால் அதைப் பிடுங்க முடிவதில்லை.

ஏன் என்று கேட்டால் தண்ணீரிலிருந்து தொடங்கவேண்டும். நடுவில் ஒட்சிசன், இரு கையிலும் ஐதரசன்: அது நீர். ஒரு கையிலுள்ள ஐதரசனை எடுத்துவிட்டுக் காபன் சங்கிலி ஒன்றை மாட்டினால் அற்ககோல். இரு கையிலும் காபனை மாட்டினால் ஈதர். ஒரு கையில் ஐதரசனை விட்டுவைத்து, மற்றக் கையை நேரே பென்சீன் வளையத்தில் கோத்தால் பீனோல். மூன்று குடும்பங்களின் அமைப்பும் இவ்வளவுதான்.

இதை இப்படித் தெளிவாகப் பார்க்க 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலண்டன் யுனிவேர்சிற்றி கல்லூரியில் இருந்த அலெக்சாண்டர் வில்லியம்சன், எதனோலை இன்னும் நீளமான அற்ககோலாக்கப் பார்த்தார். எதனோலின் ஐதரசனைப் பொற்றாசியத்தால் பெயர்த்து, அதோடு எதைல் அயடைட்டைச் சேர்த்தார். கிடைத்தது அவர் எதிர்பார்த்த பெரிய அற்ககோல் அல்ல. கடையில் போத்தலில் விற்ற சாதாரண ஈதர். ஒரு கண் பார்வையில்லாமலும் ஒரு கை ஏறக்குறைய வழங்காமலும் வளர்ந்த மனிதர் அவர். கிடைத்ததைத் தோல்வி என்று ஊற்றிவிடாமல் அதன் பொருள் என்னவென்று யோசித்தார். நீரும் அற்ககோலும் ஈதரும் ஒரே வார்ப்பில் வந்தவை என்பது அந்தப் போத்தலுக்குள் தெரிந்தது. இன்றும் ஈதர் தயாரிக்க மாணவர் முதலில் படிப்பது அவர் பெயர் தாங்கிய தாக்கத்தைத்தான்.

பெயரிடும் முறை இந்த அமைப்பையே பின்பற்றுகிறது. இரண்டு காபன் சங்கிலிக்கு எதேன். ஐதரொட்சில் கூட்டம் ஏறினால் கடைசியில் ‘ஓல்’ சேர்ந்து எதனோல். மூன்று காபன் என்றால் புரோப்பனோல், அதில் ஐதரொட்சில் எந்தக் காபனில் என்பதை எண் சொல்லும்: நுனியில் இருந்தால் 1, நடுவில் இருந்தால் 2. ஐதரொட்சில் தாங்கும் காபனோடு வேறு எத்தனை காபன் நேரடியாகத் தொடுத்திருக்கிறது என்பதை வைத்து முதல், வழி, புடை என்று பிரிப்பார்கள். ஈதரில் சிறிய பக்கம் ‘ஒட்சி’ ஆகி முன்னால் வரும்: மெதொட்சிமெதேன், எதொட்சியெதேன். பீனோலுக்குப் பென்சீனின் பெயர்வழி தனி. இதற்குமேல் பெயர்களில் நேரம் போக்க நான் விரும்பவில்லை. விதிகள் பாடப்புத்தகத்தில் ஒழுங்காகவே இருக்கின்றன. அவை எதற்காக என்பதுதான் அங்கே இருப்பதில்லை.

எதனோலையும் மெதொட்சிமெதேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இரண்டு காபன், ஆறு ஐதரசன், ஒரு ஒட்சிசன். நிறையிலும் எண்ணிக்கையிலும் ஒரு சதமும் வித்தியாசமில்லை. எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவம். மெதொட்சிமெதேன் பூச்சியத்துக்குக் கீழே 24 பாகையிலேயே கொதித்து முடிந்துவிடும் வாயு. நூறு பாகை இடைவெளி. ஒட்சிசனோடு நேரே ஒட்டிய ஐதரசன் அடுத்த மூலக்கூறின் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஐதரசன் பிணைப்புகளை அறுக்கத்தான் அவ்வளவு வெப்பமும் போகிறது. இரு கையிலும் காபன் மாட்டிய ஈதருக்கு அயலவரைப் பிடிக்கக் கை இல்லை. ஒரே மூலக்கூறில் மூன்று ஐதரொட்சில் கொண்ட கிளிசரோலோ 290 பாகையில்தான் கொதிக்கிறது. கையில் பட்டால் பிசுக்கென்று ஒட்டுவதும் இதனால்தான்.

எதொட்சியெதேன், அதாவது வெறுமனே ஈதர் என்று நாம் சொல்லும் திரவம், 34.6 பாகையில் கொதிக்கும். யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசி மத்தியானங்களை அறிந்தவருக்கு இந்த எண் சட்டென்று உறைக்கும். குளிர்நாட்டில் திரவமாக அலுமாரியில் நிற்கும் பொருள், இங்கே மூடியைத் திறந்தால் கொதிநிலைக்கு அருகிலேயே நிற்கிறது. அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேசை விளிம்பால் வழிந்து, தரையோடு தவழ்ந்து, எங்கோ எரியும் சுவாலையைத் தேடிப்போய்த் தீயைத் தன்னோடு திரும்பக் கூட்டிவரும். காற்றும் வெளிச்சமும் பட நீண்டகாலம் வைத்தால் வெடிக்கக்கூடிய பெரொட்சைட்டு வேறு சேரும். பழைய ஈதர்ப் போத்தலை ஆய்வுகூடங்களில் யாரும் துணிந்து தொடாததற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு ஆபத்தான பொருளை மனிதர் மூக்கில் வைத்துப் பிடித்தார்கள். 1846 ஒக்ரோபர் 16ஆம் திகதி, மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மோற்றன் என்ற பல்வைத்தியர் ஈதர் ஆவியை நோயாளிக்கு முகரக் கொடுக்க, யோன் கொலின்ஸ் வாரன் கழுத்திலிருந்த கட்டியை வெட்டினார். வலியில்லாத சத்திரசிகிச்சைக்கு உலகம் முன் நடந்த முதல் சாட்சி அது. அடுத்த ஆண்டு, 1847இல், அதே மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களைத் தமிழில் ஆக்குவித்தவர். அவரது திட்டத்தில், 1875இல், ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் தமிழில் வந்தது. இங்கிலீசில்தான் இரசாயனம் வரும் என்று இன்று வாதாடுபவர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்டலாம்.

அந்தக் காலத்தில் ஈதருக்குச் ‘சல்பூரிக் ஈதர்’ என்று பெயர். அதில் சல்பர் ஒரு துளியும் கிடையாது. எதனோலைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கி எடுத்ததால் வந்த பெயர். அந்தத் தயாரிப்பிலே ஒரு சூட்சுமம் உண்டு. 140 பாகையளவில் வைத்திருந்தால் இரண்டு எதனோல் மூலக்கூறுகள் தமக்கிடையே ஒரு நீரை விட்டு ஈதராகும். 170 பாகைக்கு ஏற்றினால் ஒவ்வொரு எதனோலும் தனக்குள்ளேயே நீரை இழந்து எதீன் வாயுவாகும். அடுப்பின் முப்பது பாகையில் விளைபொருளே மாறிவிடுகிறது.

ஈதராகிவிட்ட பிறகு அது யாருடனும் இலகுவில் சேராது. சுண்ணாம்பைப் போடுங்கள், ஒன்றும் நடக்காது. சோடியத் துண்டைப் போடுங்கள், அது சும்மா கிடக்கும். அதே சோடியம் எதனோலில் விழுந்தால் ஐதரசன் குமிழ் குமிழாக வரும். நீரில் விழுந்ததைவிட அமைதியாக, ஆனால் நிச்சயமாக. ஈதரை வெட்டச் செறிந்த ஐதரசன் அயடைட்டு மாதிரியான முரட்டு அமிலம் வேண்டும். வேறு பொருள்களைக் கரைக்கும் பாத்திரமாக ஈதரை இரசாயனவியலாளர் விரும்புவது இந்த ஒட்டாத குணத்துக்காகத்தான்.

இனிப் பீனோல். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மஞ்சள்தூளில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வெற்றிலைத் தட்டத்திலிருந்து ஒரு நகக்கண் சுண்ணாம்பு எடுத்து அதில் கலக்குங்கள். கணத்தில் இரத்தச் சிவப்பு. ஆலாத்தித் தண்ணீரில் நாம் காணும் நிறம் அது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துத்தான் பழைய முறைக் குங்குமமும் செய்தார்கள். இப்போது அந்தச் சிவப்புத் தண்ணீரில் பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள். சிவப்பு ஓடி, மஞ்சள் திரும்பிவரும். மீண்டும் சுண்ணாம்பு, மீண்டும் சிவப்பு. குழந்தைகள் இதை அலுக்காமல் செய்வார்கள். நான் பெரியவர்களும் செய்யக் கண்டிருக்கிறேன்.

மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினின் இரு முனைகளிலும் பென்சீன் வளையம் உண்டு. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு ஐதரொட்சில் நேரே ஏறியிருக்கிறது. கள்ளிலுள்ள எதனோலின் ஐதரசனை அசைக்க முடியாத சுண்ணாம்பு, இங்கே ஐதரசனைக் கழற்றிவிடுகிறது. ஐதரசன் அயனாகப் போனால் ஒட்சிசனில் ஒரு மறையேற்றம் மிஞ்சும். எதனோலில் அந்த ஏற்றத்தை ஒட்சிசன் தனியே சுமக்கவேண்டும். பீனோலில், சாமி காவுகிறவர்கள் தோள் மாற்றிக் கொள்வதுபோல, வளையத்தின் காபன்களும் அந்தப் பாரத்தில் பங்கெடுக்கின்றன. அதனால் பீனோல் தன் ஐதரசனை விட்டுக்கொடுக்க எதனோலைவிடப் பத்து இலட்சம் மடங்கு ஆயத்தமாக இருக்கிறது. அப்படி விட்டுக்கொடுத்த குர்க்குமின் ஒளியை வேறு விதமாக உறிஞ்சுகிறது. அதைத்தான் நாம் சிவப்பாகக் காண்கிறோம். தேசிக்காயின் அமிலம் ஐதரசனைத் திருப்பிக் கொடுக்கிறது.

ஆனால் பீனோலை ஒரு பெரிய அமிலம் என்று எண்ணிவிடக்கூடாது. அப்பச்சோடாவைப் பீனோலில் போட்டால் நுரைக்காது. வினாகிரியில் போட்டால் நுரைக்கும். எதனோல், பீனோல், வினாகிரியின் எதனோயிக் அமிலம் ஆகிய மூன்றிலும் ஒட்சிசனோடு ஒட்டிய ஐதரசன் இருக்கிறது. சுண்ணாம்பும் அப்பச்சோடாவும் கையில் இருந்தால் மூன்றையும் பிரித்துவிடலாம்.

வளையத்துக்கும் ஒட்சிசன் பதிலுபகாரம் செய்கிறது. அதற்கு இலத்திரனைத் தள்ளி அதை உசுப்பிவிடுகிறது. சாதாரண பென்சீனோடு புரோமீனைச் சேர்க்க ஊக்கி வேண்டும். பீனோல் கரைசலில் புரோமீன் நீரைச் சொட்டவிட்டாலே போதும், மூன்று இடத்தில் புரோமீன் ஏறி வெள்ளை வீழ்படிவு விழும். வளையம் இப்படி உசுப்பப்பட்டிருப்பதால்தான் பீனோல்கள் காற்றிலும் காரத்திலும் இலகுவில் ஒட்சியேறி நிறம் மாறுகின்றன. வெற்றிலை போடுபவர்கள் வாயில் வைத்தே இந்தத் தாக்கத்தை நடத்துகிறார்கள். பாக்கில் நிறைந்திருப்பவை பல்பீனோல்கள். சுண்ணாம்பு கொடுக்கும் காரத்தில் அவை ஒட்சியேறிச் சிவக்கின்றன. சுண்ணாம்பில்லாமல் வெற்றிலையும் பாக்கும் மட்டும் சப்பினால் அந்தச் சிவப்பு வராது. அழகான இரசாயனம்தான், ஆனால் பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இந்தக் கரையோரங்களில் பீனோல் ஒரு காலத்தில் பெருவியாபாரமாகவும் இருந்தது. அதன் பெயர் சாயவேர். மணற்பாங்கான நிலத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் சின்னப் பூண்டு. இம்பூறல் என்றும் சொல்வார்கள். மேலே பார்த்தால் ஒரு சாணுக்கும் இல்லை. வேரோ மெல்லிசாக, நீளமாக மணலுக்குள் போகும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அந்த வேரைத் தங்கள் வணிகக் கம்பனியின் சொத்தாக்கினார்கள். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் வேர் குத்துவது குறிப்பிட்ட மக்கள்மேல் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. வெயிலில் மணலைக் கிண்டி வேர் முறியாமல் இழுக்கும் அந்த வேலையின் விளைவு, எங்கோ ஒரு சீமாட்டியின் பருத்தித் துணியில் சிவப்பாக மலர்ந்தது.

வேரிலுள்ள முக்கிய நிறப்பொருள்களில் ஒன்று அலிசரின். ஒட்டிய மூன்று வளையங்கள். ஒரு ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஐதரொட்சில், அதாவது இரட்டைப் பீனோல். வெறும் வேர்ச்சாற்றில் துணியைத் தோய்த்தால் நிறம் நிற்காது. சாயக்காரர் முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தார்கள், கடுக்காயிலிருப்பதும் பல்பீனோல்தான். பிறகு படிகாரம். படிகாரத்தின் அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் அலிசரினின் பீனோல் ஒட்சிசனையும் கௌவிக்கொள்ளும். பிறகு தோய்த்தாலும் வெயிலில் போட்டாலும் சிவப்பு அசையாது. படிகாரத்துக்குப் பதில் இரும்பு உப்பை வைத்தால் அதே வேர் ஊதா தரும். சிப்பி கலந்த, சுண்ணாம்புச் சத்துள்ள கடலோர நிலத்தின் வேருக்கே சாயக்காரரிடம் மதிப்பு அதிகம். காரணத்தைப் பின்னால் இரசாயனம் கண்டது: அலிசரினும் அலுமினியமும் சேர்ந்த சிவப்புக்குக் கல்சியமும் வேண்டும். சுண்ணாம்பு இங்கேயும் வந்துவிட்டது.

1868இல் கிறேபே, லீபர்மான் என்ற இரு யேர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அந்திரசீனைக் கொண்டு அலிசரினைச் செய்துகாட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பக்கத்துக் காப்புரிமை விண்ணப்பம் இலண்டனில் யூன் 25இல் போனது. ஆங்கிலேய இரசாயனவியலாளர் வில்லியம் பேர்க்கினுடையது ஒரு நாள் பிந்தி, யூன் 26இல். ஆலை அலிசரின் மலிந்ததும் உலகமெங்கும் வேர்ச்சாயம் படுத்தது. கட்டாய ஊழியம் அதற்கு முன்பே போயிருந்தது, இப்போது கைத்தொழிலும் போயிற்று. இதில் எதற்காக வருந்துவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

சாயவேரைப் போலவே மறைந்த இன்னொரு பழக்கம் வலைக்குச் சாயம் காய்ச்சுவது. பருத்தி நூல் வலை உப்புநீரில் நுண்ணுயிர் அரித்து உளுத்துப்போகும். பனிச்சங்காயின் சாற்றிலோ கண்டல் மரப்பட்டையை அவித்த தண்ணீரிலோ ஊறவைத்தால் அதிலுள்ள தனின் என்ற பல்பீனோல் நூலில் படிந்து காப்பாற்றும். நைலோன் வந்தது, அந்தப் பானைகளுக்கு வேலை போனது. இதே நுண்ணுயிர் கொல்லும் குணத்தை நம்பித்தான் 1865இல் கிளாஸ்கோவில் யோசப் லிஸ்ரர் காயங்களுக்குக் காபோலிக் அமிலத்தைப் போட்டார். காபோலிக் அமிலம் என்பது பீனோலின் பழைய பெயர். அது கிருமியோடு தோலையும் சுடும். பிறகு வந்தவர்கள் வளையத்தில் மெதைலும் குளோரீனும் ஏற்றிச் சாந்தப்படுத்தினார்கள். டெற்றோல் போத்தலில் இருப்பது அப்படியொரு பீனோல்.

மறுபடி கள்ளுக்கு வருவோம், அதை அதிகநேரம் விட்டுவைக்க முடியாது. காலையில் இனிப்பும் புளிப்புமாக இருந்தது மாலையில் கடுக்கும், அடுத்தநாள் வினாகிரியாகத் தொடங்கும். அசற்றோபற்றர் என்ற பற்றீரியா காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு எதனோலை முதலில் எதனல் என்ற அல்டிகைட்டாக்கி, பிறகு எதனோயிக் அமிலமாக்குகிறது. முதல் அற்ககோல்கள் எல்லாம் இந்த இரண்டு படியும் இறங்கும். வழி அற்ககோல் ஒரு படி இறங்கிக் கீற்றோனாகி நின்றுவிடும். புடை அற்ககோலை இந்த வழியில் இறக்கவே முடியாது; ஐதரொட்சில் தாங்கும் காபனில் கழற்றுவதற்கு ஐதரசன் இல்லை.

வீதியில் பொலிஸ் ‘பலூன் ஊத’ச் சொன்னது இதே தாக்கத்தை நம்பித்தான். கண்ணாடிக் குழாயிலிருந்த மஞ்சள் பளிங்கு இருகுரோமேற்று. மூச்சிலுள்ள எதனோல் ஒட்சியேற, குரோமியம் தாழ்த்தப்பட்டுப் பச்சையாகும். நமது ஈரலும் அதே படிகளில்தான் எதனோலை இறக்குகிறது. நொதியங்கள் செய்வதால் நிறம் மட்டும் தெரிவதில்லை.

ஒரு காபன் குறைந்த மெதனோலையும் ஈரல் அதே நொதியத்தால்தான் பிடிக்கிறது. அங்கே விளைவு வேறு: மெதனல், பிறகு மெதனோயிக் அமிலம். அது பார்வை நரம்பை அழித்து, இரத்தத்தை அமிலமாக்கி, ஆளைக் கொல்லும். 2024 யூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பலியெடுத்தது. அப்படியான சாவுகளுக்குப் பழியைக் கள்ளில் போடுவது அநியாயம். வெல்லத்தை மதுவம் நொதிக்கவைக்கும்போது மெதனோல் மிகச் சொற்பமே உண்டாகும். கொல்லும் அளவு மெதனோல் பெரும்பாலும் தொழிற்சாலைக்கென்று செய்யப்பட்டு, எவரோ ஒருவரின் இலாபத்துக்காகக் கலக்கப்படுவது. மெதனோல் குடித்தவருக்கு மருத்துவமனையில் எதனோலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. நொதியம் எதனோலை முதலில் விரும்பிப் பிடிக்கும். அதற்குள் மெதனோல் மாறாமலே சிறுநீராலும் மூச்சாலும் வெளியேறக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

வடமராட்சியில் திக்கம் வடிசாலையில் பனங்கள்ளைச் சாராயமாக வடித்தார்கள். அங்கேயும் ஐதரசன் பிணைப்புதான் எல்லை போடுகிறது. எத்தனை தரம் வடித்தாலும் நிறையில் 95.6 சதவீதத்துக்குமேல் எதனோல் ஏறாது. அந்த விகிதத்தில் நீரும் எதனோலும் 78.2 பாகையில் ஒன்றாகவே ஆவியாகின்றன. எஞ்சிய நீரைப் பிடிக்க ஆய்வுகூடத்தில் பழைய வழி ஒன்று உண்டு: நீறாத சுண்ணாம்பைப் போட்டு வைப்பது. அது நீரை எடுத்துக்கொண்டு நீறும், எதனோலைத் தொடாது.

குறிகட்டுவானில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வள்ளம் ஏறுகிற கூட்டத்தில் யாராவது ஒருவரின் கைப்பையில் கோடாலித் தைலம் இருக்கும். கடல் கொஞ்சம் அடித்தால் அந்தப் போத்தல் கைமாறிக் கைமாறி வரும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் போத்தலுக்குள் இருக்கிறது. குளிர்ச்சி தருவது மென்தோல், ஒரு வழி அற்ககோல். இருகுரோமேற்றால் ஒட்சியேற்றினால் மென்தோன் என்ற கீற்றோன் கிடைக்கும். மூக்கைத் திறக்கும் யூக்கலிப்ரஸ் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல். ஒட்சிசன் இரு பக்கமும் காபனைப் பிடித்து வளையமாக மூடிய ஈதர். எரிச்சலோடு சூடு தருவது மெதைல் சலிசிலேற்று, அதில் பென்சீன் வளையத்தில் நேரே ஏறிய ஐதரொட்சில் உண்டு, ஆகவே பீனோல்.

மென்தோலுக்கு ஒரு பீனோல் உடன்பிறப்பும் உண்டு. ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமோலின் எலும்புக்கூடும் மென்தோலின் எலும்புக்கூடும் ஒன்றே. தைமோலில் இருப்பது பென்சீன் வளையம். அதற்கு ஊக்கியோடு ஆறு ஐதரசன் அணுக்களை ஊட்டி நிரப்பினால் மென்தோல். உலகத்துக்கு வேண்டிய மென்தோலில் ஒரு பகுதியை ஆலைகள் இப்படித்தான் செய்கின்றன. தைமோல் காரத்தில் ஐதரசனை விட்டுக் கரைந்துவிடும், மென்தோல் கரையாது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பெரிக் குளோரைட்டுக் கரைசல் இருக்கும். கோடாலித் தைலத்தில் ஒரு துளியைக் கொஞ்ச எதனோலில் கரைத்து, அந்த மஞ்சள் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரும்பு பீனோலின் ஒட்சிசனைப் பிடிக்க, ஊதா நிறம் வரும். அது மெதைல் சலிசிலேற்றுச் செய்த வேலை. மென்தோலும் சினியோலும் அதே குழாயில்தான் இருக்கும், இரும்பு அவற்றைப் பார்க்காது.